திரையை விட்டுப் போன குழி

நிர்வாக இயலின் மகத்தான கண்டுபிடிப்பு, சாலைப் பராமரிப்பு அலுவலகத்தின் கழிவறையில்தான் நிகழ்ந்தது. கண்டுபிடித்தவர் சாலைப் பொறியாளர். உதவிய கருவி, பரீட்சை முடியும்வரை தரமாட்டேன் என்று மகளிடமிருந்து அவர் பிடுங்கி வந்த பழைய கையடக்க வீடியோ கேம்.

அதில் ஒரு தவளை இடமிருந்து வலமாக ஓடும். குழி வந்தால் எகிறும். தாண்டிய குழி திரையின் ஓரத்தில் மறைந்துவிடும். அப்புறம் தவளையே ஆசைப்பட்டாலும் திரும்பிப் போக முடியாது. பொறியாளருக்குப் புல்லரித்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் குழிகளோடு மாரடித்தவர் அல்லவா!

உடனே அவசரக் கூட்டம் கூட்டி, அந்த விளையாட்டை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

"அந்தத் தவளை ஒரு குழியையாவது மூடிச்சா?"

"இல்லை சார்," என்றார் தலைமை எழுத்தர்.

"ஆனா ஜெயிச்சுதா இல்லையா?"

"ஜெயிச்சுது சார்."

"அப்புறம் ஜல்லி எதுக்கு, தார் எதுக்கு? நம்ம ஜீப் கடந்துட்டா, அந்தக் குழி திரையை விட்டுப் போச்சு. போன குழி, இல்லாத குழி. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும். நானே கேட்டாலும் சரி!"

ஜீப் எல்லாத் தெருக்களிலும் ஒருமுறை போய்வந்தது. நகரத்தில் குழியே இல்லாமல் போயிற்று. ஆணையர் மனம் குளிர்ந்து அவருக்குத் தலைமைப் பொறியாளர் பதவியை அறிவித்தார். வெள்ளிக்கிழமை மாலை விழா. நேரில் வந்து வாங்காவிட்டால் பதவி அடுத்தவருக்கு. அந்த அடுத்தவர், குடிநீர்ப் பிரிவில் இருக்கும் இவருடைய சகலை. மாமனார் வீட்டில் இனி யாருக்குச் சாய்வு நாற்காலி என்பதே கேள்வி.

விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்த இடத்தில் மட்டும் ஒரு முணுமுணுப்பு.

"சார், என் கடை வாசல்ல ஆள் உயரத்துக்குக் குழி. துணி தைக்க வர்றவங்க எல்லாம் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டுப் போறாங்க," என்றார் தையற்காரம்மா.

"தவளைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேம்மா! குழின்னா எகிறணும்."

வெள்ளிக்கிழமை மாலை கோட்டு வாங்க வந்தவர், சொன்னபடியே ஒரே எகிறலில் குழியைத் தாண்டிக் கடைக்குள் போனார். தாண்டியாயிற்று, இனி அங்கே குழி ஏது? கோட்டை மாட்டிக்கொண்டு, கொள்கைப் பிடிப்போடு நெஞ்சை நிமிர்த்தி, அதே வாசல் வழியாக வெளியே நடந்தார்.

தொப்பென்று சத்தம் கேட்டது.

குழிக்குள்ளிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். "யோவ், குழியில விழுந்துட்டேன்! விழாவுக்கு நேரமாச்சு. ஏணியோட ஆள் அனுப்பு!"

"எந்தக் குழி சார்?" என்றார் தலைமை எழுத்தர்.

"தையல் கடை வாசல்!"

"அது திரையை விட்டுப் போயிடுச்சே சார். இல்லாத குழியில நீங்க எப்படி விழ முடியும்?"

"நான்தான்யா கேக்குறேன்!"

"நீங்களே கேட்டாலும் இதைத்தான் சொல்லணும்னு உத்தரவு சார்."

போன் வைக்கப்பட்டது. தூரத்தில் விழா மேடையின் ஒலிபெருக்கி கரகரத்து, சகலையின் பெயரை மரியாதையோடு அழைத்தது. பொறியாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே கால் கட்டோடு வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு தையற்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"தவளைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே சார்," என்றார். "எகிறுங்க!"