வராத வீடியோவும் போய்ச் சேர்ந்த குரலும்

கராமா, துபாய்

பெருமதிப்பிற்குரிய கௌரிசங்கர் அவர்களுக்கு (சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை, இப்போதைக்குத் துணிச்சல் இல்லை), உமாபதி பணிவுடன் எழுதியது. மகளைப் பார்க்க வந்த இடத்தில் நானும் என் வீட்டம்மா ஜெயபாரதியும் சுகம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை அர்ஜுனும் திருச்சியில் சுகமாக இருக்க வேண்டும். குறிப்பாக, தங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் வீடியோவில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு அல்லவா? "அம்மா போன்ல கூப்பிடலாம்ப்பா" என்று ஸ்வாதி சொல்லத்தான் செய்தாள். பெண்ணைப் பெற்றவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அம்மா போன் எதற்கு என்று என் போனிலேயே கூப்பிட்டேன். பட்டுப்புடவை, பூ, போனுக்குக் காட்டக் கேசரி, எல்லாம் தயார். மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கிறீர்கள், ஏதோ சுற்றுகிறது, செத்துப்போகிறது. பால்கனிக்குப் போனேன், ஸ்டூலில் ஏறினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஃபிளாட் நிஜாம் பாயைக் கூப்பிட்டேன். அதிராம்பட்டினத்துக்காரர், இங்கே அத்தர் கடை வைத்திருக்கிறார்.

"வாட்ஸ்அப்ல எழுதலாம், குரல் பதிஞ்சு அனுப்பலாம், நேரா பேச மட்டும் முடியாதுண்ணே. கவர்மெண்ட்ல அடைச்சு வெச்சிருக்காங்க" என்றார்.

ஆடிப்போய்விட்டேன் ஐயா. டிரைவரே இல்லாமல் ரயில் ஓடுகிற ஊரில் திருச்சி முகம் ஒன்று தெரியக் கூடாதாம். யாருக்கு என்ன நஷ்டம்? விபிஎன் என்று ஒரு குறுக்கு வழி உண்டு, மாட்டினால் வம்பு என்றும் நிஜாம் பாய் காதோடு சொன்னார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மூன்றெழுத்து என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று அங்கேயே அறிவித்துவிட்டேன்.

அதனால்தான் பெண் பார்ப்பதைக் குரல் பதிவிலேயே நடத்தினோம். ஸ்வாதி நமஸ்காரம் பண்ணியதை நான்தான் வாயால் சொல்லி அனுப்பினேன். அவள் பாட்டும் வந்திருக்கும், நடுவில் கேட்ட குக்கர் விசில் எங்களுடையதுதான். அதன்பின் பதிவு முடிந்துவிட்டதாக நினைத்து ஜெயபாரதியிடம் பேசினேன். விரல் அந்த மைக் படத்தை விட்டு எழவே இல்லையாம். "பையன் லட்சணமா இருக்கான். அந்த அப்பாதான் போட்டோல இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருக்காரு" என்று தங்கள் குடும்பக் குழுவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அழித்துவிடலாம் என்று ஸ்வாதி பாய்ந்து வருவதற்குள் நீங்கள் கேட்டுவிட்டதாக நீல டிக் காட்டியது. இத்தனை அடைத்து வைத்திருக்கிறார்களே, இந்த ஒன்றை அடைத்திருக்கக் கூடாதா?

சாதாரண போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. நியாயம்தான். ஆனால் வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்த பெண், முதல்முறையாக ஒருவருக்குச் சரி என்றாள். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறாள். எனக்குத் தாங்கவில்லை. என் வாய்க்கொழுப்புக்கு அவளைத் தண்டித்துவிடாதீர்கள். நிஜாம் பாய் இன்று லீவில் திருச்சி விமானம் ஏறுகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதம் நடுவில் சுற்றாது.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, தங்களிடம் மன்னிப்பு.

இப்படிக்கு,
சட்டத்துக்குக் கட்டுப்பட்ட
உமாபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். ஜெயபாரதி போனில் தங்கள் வீட்டம்மா, பளிச்சென்று, வீடியோவில்! நாங்கள் வந்திறங்கிய அன்றே ஸ்வாதி அந்த மூன்றெழுத்தை அம்மா போனில் போட்டுவிட்டாளாம். எனக்குச் சொன்னால் நானே போலீசுக்குப் போய்விடுவேன் என்று மறைத்தார்களாம். நிச்சயதார்த்தத்துக்குத் தை மாதம் நாளும் பார்த்தாகிவிட்டது, தங்களுக்கும் எனக்கும்தான் தெரியாது. குரங்கு விஷயத்துக்குத் தங்கள் வீட்டம்மா, "அவர் சொன்னதுல என்ன தப்பு? எங்க கல்யாண போட்டோலயே அப்படித்தான் இருக்கார்" என்றார். பின்னாலிருந்து மாப்பிள்ளை கையாட்டினார். யோசிக்காமல் நானும் கையாட்டிவிட்டேன். ஆகவே சட்டப்படி இப்போது நானும் உள்ளே. படித்ததும் கிழித்துவிடவும், சம்பந்தி.