நிமிஷத்துக்கு நாலு பக்கம்

"நிமிஷத்துக்கு நாலு பக்கம் வரும் சார்," என்றாள் சொர்ணலதா.

செந்தில்நாதன் அவசரமாக ஒரு குறை தேடினார். இது பன்னிரண்டாவது சனிக்கிழமை. குறை கிடைப்பது வரவரக் கஷ்டமாகிக்கொண்டிருந்தது.

தேவராஜ மொஹல்லாவின் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு முதல் சனிக்கிழமை அவர் நிஜமாகவே லேசர் பிரிண்டர் வாங்கத்தான் வந்தார். கணக்கு வாத்தியார், வீட்டுக் கம்ப்யூட்டரில் கேள்வித்தாள் அடிப்பவர். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் போட்ட சத்தத்தில், வீட்டுக்குள் மாவு மில் வைத்திருக்கிறாரா என்று வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

பிரிண்டர் பக்கத்தில் நின்றவளிடம், "இதக்கெ எஷ்டு மேடம்?" என்று தெரிந்த கன்னடத்தில் விலை கேட்டார்.

"நீங்க தமிழா?" என்றாள் அவள். அப்புறம் சொன்ன விலை அவர் காதில் விழவில்லை.

அவள் பட்டனை அழுத்தினாள். சோதனைப் பக்கம் ஒன்று, பொரித்த அப்பளம் போலச் சூடாக வெளியே வந்தது. அதை அவள் நீட்டியபோது, பக்கத்துப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாசனை மிதந்து வந்தது. அது பிரிண்டரிலிருந்துதான் வருகிறது என்று அவர் வெகுநாள் நம்பினார்.

வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை எதற்கு வருவது? முப்பத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரிக்கு அதற்கு மேல் ஃபார்முலா தெரியவில்லை. குறை சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க தெருவுல கரண்ட் ஏறி இறங்குதுங்க."

"ஸ்டெபிலைசர் வெச்சுக்கலாமே."

வாங்கினார். தூசி என்றார், உறை வாங்க வேண்டியதாயிற்று. மேஜை ஆடுகிறது என்றார். புது மேஜை வந்தது. பிரிண்டரைத் தவிர, பிரிண்டருக்கு வேண்டியதெல்லாம் வீட்டில் இருந்தது. தலையணைக்கடியில் பதினோரு சோதனைப் பக்கங்கள்.

எப்போதாவது வாய் தவறி, "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றாலும் அவளே தடுத்துவிடுவாள். "அவசரப்படாதீங்க சார். டோனர் எத்தனை பக்கம் வரும்னு விசாரிச்சு அடுத்த வாரம் சொல்றேன்."

என்ன நேர்மை! கடையில் இப்படியும் ஒருத்தியா! அந்த வாரம் அவர் வகுப்பில் இரண்டும் மூன்றும் ஆறாயிற்று. பிள்ளைகள் பெரியமனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

ஆனால் இன்று தப்ப வழியில்லை. அரையாண்டுக் கேள்வித்தாள் திங்கட்கிழமை பளிச்சென்று வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியாயிற்று.

"இதையே எடுத்துக்கறேங்க," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவள் நிமிர்ந்தாள். "கரண்ட் ஏறி இறங்குமே?"

"ஸ்டெபிலைசர் இருக்கு."

"தூசி?"

"உறை போட்டாச்சு."

"அந்த மேஜை..."

"ஆடலைங்க."

கையிலிருந்த விளக்கப் புத்தகத்தின் ஓரத்தை அவள் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப இனிமே வர மாட்டீங்க," என்றாள், பிரிண்டரைப் பார்த்து.

பதிலைப் பிரிண்டர்தான் சொல்ல வேண்டியிருந்தது. செந்தில்நாதன் வெளியே எடுத்த பர்ஸை மறுபடி பைக்குள் வைத்தார்.

கடை ஆள் தொட்டையன் இரண்டு டம்ளர் காபியை மேஜை மேல் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார், மொதலாளி கேக்கச் சொன்னாரு. அக்கா வாராவாரம் கடை தொறக்கும்போதே வந்து, நீங்க வர்ற வரைக்கும் வாசலையே பாத்துட்டு நிக்குது. அக்காவை எங்க கடை ஆளுன்னு நெனச்சு வர்றவங்க எல்லாம் வெலை கேக்கறாங்க. மூணு மாசமாச்சு, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் பிரிண்டர் வாங்க முடிவு பண்ணக் கூடாதா?"