விரிசல் டாக்டரும் நம்பாத கணவர்களும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளாத ஒரே ஆள் விரிசல் டாக்டர்தான். நேற்று அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். இன்று எதிரே வந்து வணக்கம் சொன்னால், நன்கொடை கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் விழிப்பார். நீங்கள் வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும். "அட, நீங்களா!" என்று தோளில் கை போட்டுவிடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கிளினிக் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் இருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அந்த கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அச்சகம் இருந்ததால், அவருடைய கூத்துகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பல்லில் விழுந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில், பொழுதுபோக்கு, வழிபாடு எல்லாம். அதற்கென்றே ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார். நீண்ட கழுத்தோடு ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தச் சாமான் கிளினிக்கில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம் என்பது அவர் மனைவியின் நிரந்தரக் கருத்து. "கார்ல உக்காந்தா விரிசல் தெரியுமா?" என்பது இவருடைய நிரந்தரப் பதில்.

விரிசல் தேடும் கண் பல்லோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சாப்பாட்டுக் கடையில் தேநீர்க் கோப்பை வந்தால் சட்டைப்பையிலிருந்து குட்டி டார்ச் எடுத்து அடித்துப் பார்த்து, மூன்றாவது கோப்பையைத்தான் ஏற்றுக்கொள்வார். பொங்கலுக்கு மண்பானை வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கண்ணாடிக்கு மேல் மாட்டிய உருப்பெருக்கி லென்சைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். ஒவ்வொரு பானையாகத் தூக்கி, சுண்டி, திருப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடைக்காரப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"அங்கிள், நீங்க பொங்கல் வைக்கப் போறீங்களா, இல்ல பொண்ணு பாக்க வந்தீங்களா லா?"

அந்த வருடம் அவர் வீட்டில் பிரஷர் குக்கரில்தான் பொங்கல் பொங்கியது.

ஐஸ் கட்டியைக் கடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒருநாள் பக்கத்து மேசையில் ஒரு லோரி ஓட்டுநர் மைலோவைக் குடித்துவிட்டு மிச்ச ஐஸை நிம்மதியாகக் கடமுடா என்று கடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, அத துப்பிருங்க."

"என் ஐஸ் லா பாஸ்! உங்களுக்கு என்ன?"

"ஐஸ் உங்களுதுதான். பல்லு என்கிட்டதானே வரப்போவுது?"

சண்டையாகிவிடும் என்று பயந்து நான் தட்டோடு நகர்ந்தேன். அடுத்த மாதம் அதே ஓட்டுநர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றார்.

நோயாளிகளை அவர் பல்லின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பல் மருத்துவத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நம்பர் உண்டாம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை, "வாங்க இருபத்தாறு!" என்று கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வரவேற்பார். அந்த அம்மா பல் குணமான பிறகும் மாதம் ஒருமுறை புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்துபோனார்.

இதையெல்லாம்கூட விட்டுத்தள்ளலாம். ஊரே பேசியது அவருடைய இன்னொரு வழக்கத்தைப் பற்றி. பல் விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. மயிரிழையைவிட மெல்லியது. அதனால் வலிக்கிறது என்று சொல்பவரை வீட்டில் நம்பமாட்டார்கள், வேலையிடத்தில் நம்பமாட்டார்கள். இவர் விரிசலைக் கண்டுபிடித்ததும் நேரே வைத்தியத்தில் இறங்கமாட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார்: "உங்கள யாரு நம்பல?"

நோயாளி சம்மதித்தால், நம்பாதவரை வரவழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்த பிறகுதான் மறுவேலை. மாமியார்கள், முதலாளிகள், பள்ளி ஆசிரியர்கள் என்று அந்தக் கூடத்தில் நம்பாதவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை சுங்கை வேயிலிருந்து ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர் வந்தார். பல்வலி என்று மருத்துவ விடுப்புக்கு எம்.சி. கேட்ட தொழிலாளியை நாடகம் ஆடுகிறான் என்று திட்டியவர் அவர். குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. சமாளிப்பதற்காகப் பக்கத்திலிருந்த குளிர்ந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆலாமாக்!" என்று தாடையைப் பிடித்தார். டாக்டர் அவரை அப்படியே நாற்காலியில் சாய்த்தார். பத்து நிமிடத்தில் அவருக்கும் ஒரு விரிசல் கிடைத்தது.

"இவருக்கு மேல யாரு? மேனேஜரா? அவர வரச்சொல்லுங்க" என்றார் டாக்டர்.

இப்படி நான் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கிள்ளானிலிருந்து என் அக்கா ரயிலேறி வந்தாள்.

பல மாதங்களாக அவளுக்கு வலி. "கடிக்கும்போதுகூட இல்லடா. கடிச்சிட்டு வாயத் தொறக்கும்போது சுரீர்னு மூளைக்குப் போவுது. எந்தப் பல்லுன்னுகூடச் சொல்லத் தெரியல" என்றாள். ஓரிடத்தில் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வலி போகவில்லை. இன்னோரிடத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அத்தான் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். சீல் உடையாத பெட்டிக்குள் சேதம் இருக்க முடியாது என்பது அவர் கொள்கை. "எக்ஸ்ரேல இல்லாத வலி மனசுலதான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்கா கஞ்சிக்கு மாறினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கடைசியில், எதுவென்று தெரியாமலே இன்னொரு பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று நாள் குறித்திருந்தாள். என்னைக் கலங்கடித்தது அதுவல்ல. "எனக்கே சந்தேகமா இருக்குடா. நெசமாவே வலிக்குதா, நானா கற்பன பண்றேனா?" என்று அவள் கேட்டதுதான்.

கீழே கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு பல் முனையிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். பல்லின் பக்கவாட்டில் விளக்கடித்தார். மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"இல்லன்னா சொல்லிருங்க டாக்டர். நான் வீட்டுக்குப் போறேன்."

டாக்டர் தலையைத் தூக்கினார். அவ்வளவு நேரமும் பல்லையே பார்த்தவர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப அது இருக்கு. எனக்கு இன்னும் கெடைக்கல. அது என் கோளாறும்மா, உங்க கோளாறு இல்ல."

பின்வரிசைப் பல் ஒன்றில் பழைய வெள்ளி அடைப்பு இருந்தது. அக்காவிடம் கேட்டுக்கொண்டு அதை எடுத்தார். அடியில் நீலச்சாயம் தடவிக் கழுவினார். பக்கத்துத் திரையில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவிய இடமெல்லாம் வெளுத்தது. ஒரு கோடு மட்டும் நீலமாக நின்றது, பல்லின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை.

டாக்டர் திரையை அக்கா பக்கம் திருப்பினார். அவள் வாய் திறந்தபடி இருந்தது. கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்து ஓடியது.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

பிறகு வழக்கமான கேள்வி வந்தது. அக்கா தயங்கினாள், பிறகு அத்தானின் போன் நம்பரைக் கொடுத்தாள். அவர் அவ்வளவு எளிதில் வருகிற ஆளில்லை என்று நான் எச்சரித்தேன். டாக்டர் போனை எடுத்தார்.

"சார், உங்க வீட்டம்மா பல்லப் பத்தி ஒரு முடிவெடுக்கணும். அவங்க சொல்றது சரியா, நீங்க சொல்றது சரியா? நீங்க நேர்ல வந்து பாத்தாதான் தீரும்."

கிள்ளானிலிருந்து வரும் கூட்டரசு நெடுஞ்சாலையில் அன்று நல்ல நெரிசல். ஆனாலும் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், ஜெயித்த களையோடு வந்து சேர்ந்தார். டாக்டர் மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தார். அத்தான் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது அந்தக் களை முகத்தில் இல்லை.

"இது எவ்வளவு நாளா இருக்கு டாக்டர்?"

"அவங்க சொல்ல ஆரம்பிச்ச நாள்லேருந்து."

மன்னிப்பெல்லாம் அத்தான் வாயில் வராது, அது எங்களுக்குத் தெரியும். அக்கா மடியிலிருந்த கைப்பையை மெதுவாக வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பல்லுக்கு உறை போடுவதற்கு அளவெடுத்து முடிக்கும்வரை, அந்த ரோஜாப்பூ நிறப் பையோடு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

போன தீபாவளிக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அக்கா நாலு பேரோடு உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டாள், எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினாள். அத்தான் அவள் இலையில் இன்னொரு துண்டு எடுத்து வைத்தார். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் நம்பிவிட்டு அப்புறம் தேடுகிற ஆளை என் வாழ்நாளில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நாளைக்கே தெருவில் பார்த்தாலும் அந்த மனிதருக்கு என்னை யாரென்று தெரியாது. பரவாயில்லை. அவர் நூறு வயது இருக்கட்டும், முப்பத்திரண்டு பல்லோடும் இருக்கட்டும்.