தபாலண்ணை மெக்சிக்கோவுக்குப் போன விதம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். 'யெஸ்', 'நோ' இரண்டையும் வைத்துக்கொண்டே சிட்னி வென்ட்வேர்த்வில்லில் பலசரக்குக் கடை கட்டினேன். கடைக்குப் பின்னால் குசினி கட்டி இடியப்பம் விற்றேன். வங்கிக்காரன் கையை விரித்த பிறகும் மெரிலேண்ட்ஸில் இரண்டு மாடி வீடு கட்டினேன். கோயில் மடைப்பள்ளிக்குக் கூரை போட்டதும் நான்தான். கல்வெட்டில் வேறு ஆளின் பெயர் இருக்கிறது, அதை விடுங்கள். இவ்வளவும் செய்த என்னை ஒரு மனிதர் மெக்சிக்கோ எல்லையில் ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் போனார். அவர்தான் தபாலண்ணை.

எல்லை என்றால் அவரைப்போல் நடுங்குகிற ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிறக்கவுமில்லை, வெளியிலிருந்து வந்து இறங்கவுமில்லை. மெரிலேண்ட்ஸ் தெருக்களில் சின்னச் சிவப்பு மோட்டார் சைக்கிளில் கடிதம் போட்டுத் திரிந்த காலத்திலேயே அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது. பக்கத்துப் புறநகருக்குள் நுழையும்போதுகூட வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போவார். யாருக்குக் காட்டினார் என்று அவருக்கே தெரியாது.

ஒருமுறை மெல்பேர்ன் கலியாணவீட்டுக்கு என் காரில் போனோம். விக்டோரியா எல்லைப் பாலம் வந்ததும் மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"முதலாளி, நிப்பாட்டும். பாஸ்போட் காட்டவேணும்."

"ஐசே, இது ஒரே நாடு. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"கேக்காட்டியும் நாங்கள் காட்டவேணும். பிறகு 'ஏன் காட்டேல்லை' எண்டு கேப்பாங்கள்."

பெற்றோல் ஸ்டேசனில் இறங்கி, கல்லாப்பெட்டியடியில் நின்ற பிள்ளையிடம் பாஸ்போட்டை நீட்டினார். அவள் திறந்து பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது என்றாள். மனிதர் நிம்மதியாக வந்து காரில் ஏறினார். கொரோனாக் காலத்தில் அதே பாலத்தில் உண்மையாகவே பொலிஸ் நின்று பெர்மிட் கேட்டபோது, காலங்காத்தாலே எனக்குப் போன் எடுத்தார். "நான் அப்பவே சொன்னனான் எல்லே?"

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சிட்னி விமான நிலையத்தில் அகதியாக இறங்கியவரை நேரே வில்லாவுட் தடுப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவருடைய ஒரே தம்பி கனடாவுக்கென்று வேறு ஏஜென்ற்றோடு புறப்பட்டு, மெக்சிக்கோவில் மாட்டி, அங்கேயே கலியாணம் முடித்து லொறி டயர் ஒட்டுகிறான். ஊரில் பிரிந்த பிறகு இருவரும் சந்திக்கவில்லை. போன வருசம் தம்பிக்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று செய்தி வந்தது. தபாலண்ணை கடைக்கு ஓடி வந்தார்.

"முதலாளி, டிக்கெற் நான் போடுறன். நீரும் வாரும். உம்மட மருமேன் டெக்சாஸில இருக்கிறான்தானே, அவன்ர மோட்டார் சைக்கிளை வாங்கி ஓடுவம்."

"பிளேனில நேரே மெக்சிக்கோ போகலாமே?"

"பிளேனில போனா அவங்கள் கொண்டுபோற இடத்துக்குத்தான் போகலாம். மோட்டார் சைக்கிள் எண்டா திருப்பிக்கொண்டு வரலாம். தலையணை ஒண்டு எடும். உடுக்கச் சாரமும், பிறசர் குளிசையும் எடும்."

எனக்கு டிக்கெற் எடுத்துத் தந்த முதல் மனிதர் என்று நானும் பெருமையோடு போனேன். மருமகன் வண்டியை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். தலையணையை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்கால் நோவோடு பின்னால் ஏறி இருந்தேன். எல்லை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மெக்சிக்கோக் கட்டடத்துக்குள் நுழையும்போது, அவருடைய இருதயம் அடிக்கிற சத்தம் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. மறுநாள் காலை தம்பிக்கு ஒப்பரேசன்.

முதல் கவுண்டரில் ஆளுக்கான பெர்மிட். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டதும், "நீங்கள் சொல்லுங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள். அடுத்தது வண்டிக்கான பெர்மிட். அதற்குப் பாஸ்போட், வண்டிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி வேண்டுமாம். பை நிறையக் கொப்பியோடு வந்த மனிதரிடம், அப்போதுதான் முத்திரை குத்தித் தந்த பெர்மிட்டின் கொப்பி மட்டும் இல்லை! "முடிஞ்சுது முதலாளி, பிடிக்கப்போறாங்கள்" என்று வெளிறிப்போனார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய் மூலையில் இருந்த மெசினில் கொப்பி அடிப்பித்தேன்.

வண்டிக் கவுண்டரில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவள் வாயைத் திறக்க முதல், தபாலண்ணை என் பாஸ்போட்டையும் தலையணையையும் அவள் முன் வைத்தார்.

"ஹி ஸ்டே. ஐ கோ, ஐ கம் பேக். தென் யூ கிவ் ஹிம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில் இலங்கையில், வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். உலகத்து எல்லைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம் என்று மனிதர் நினைத்திருக்கிறார்.

"ஐசே! என்னைப் பிணை வைக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

"கோவிக்காதையும். வேற ஆரைக் கொண்டுவாறது?"

"உம்மட மனுசி இல்லையே? பிள்ளையள் இல்லையே?"

"நான் வரச் சுணங்கினா அவை வீட்டை போயிடுவினம். நீர் ஒருத்தர்தான் இருந்து அவங்களோட சண்டை பிடிப்பீர்."

அந்தப் பெண், ஆள் வேண்டாம், வங்கி அட்டையில் வைப்புப்பணம் போதும், வண்டியோடு திரும்பி வந்தால் அதுவும் கிடைக்கும் என்று ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் விளங்கப்படுத்தினாள். அட்டையை உரசி, பெர்மிட்டோடு என் பாஸ்போட்டையும் தந்தாள். தபாலண்ணை அசையவில்லை.

"காசை நம்பி ஆரும் ஆளை விடுவாங்களே? பின்னால வந்து பிடிப்பாங்கள். நான் போகேல்லை."

பெர்மிட்டைத் திரும்பவும் கவுண்டரில் வைத்தார். கண்ணும் கலங்கியது. தம்பியின் ஊர் அங்கிருந்து அரை நாள் ஓட்டம். பொழுது போய்க்கொண்டிருந்தது. நான் தலையணையை எடுத்து, சுவர் ஓரத்துக் கதிரையில் போட்டு, சம்மாணம் கட்டி இருந்தேன்.

"இந்தா, இருந்திட்டன். ஓடும்!"

ஓடினார்.

பக்கத்து விடுதியில் அறை எடுத்தேன். ஆனாலும் தினமும் காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு முகம் காட்டினேன். ஒருவரும் கேட்கவில்லைதான். கேட்காவிட்டாலும் காட்டவேண்டும் போலிருந்தது. அவர் தெருவில் விழுந்திருப்பாரோ, தம்பி பிழைப்பானோ, தபாலண்ணை வராவிட்டால் என்னை என்ன செய்வார்களோ என்று பிறசர் ஏறியது. ஒப்பரேசன் முடிந்த பிறகு ஒரு படம் வந்தது. கட்டிலில் நரைத்த மீசையோடு தம்பி சிரிக்கிறான். பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே தபாலண்ணை அழுகிறார்.

போனில் சொன்ன நாளில் திரும்பி வந்தார். வண்டிப் பெர்மிட்டை அவள் ரத்துச் செய்து வைப்புப்பணத்தைத் திருப்பியதும், கவுண்டரை விட்டு நகராமல் என்னைக் காட்டி, "பிளீஸ், ஹிம் ஆல்சோ" என்றார். அவள் எழுந்து நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல், நான் போகலாம் என்று கையால் காட்டினாள்.

இப்போது வென்ட்வேர்த்வில் முழுக்கத் தபாலண்ணையின் வீரம்தான் பேச்சு. வயதான காலத்தில் தனியாக மெக்சிக்கோவுக்குள் ஓடினாராம். ஓடியது அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அவருக்குப் பிணை இருந்தது நான் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்க்க அவர் திரும்பவும் போவார். அந்தக் கதிரையில் வேறு எவனும் இருக்கக்கூடாது.