சில்லறை மந்திரங்கள்

பஞ்சலிங்கம் மகளுக்கு வந்த அந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக வாசித்தார். மூன்றாவது தடவையும் அது நல்ல கடிதமாக மாறவில்லை.

"முதலில் நித்திரை. காவலாளி விழுந்ததும் பூட்டுத் திறப்பு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வடக்கு வாசலில் நிற்பேன். பயப்பட வேண்டாம்."

கையெழுத்தில்லை. உறையில் மட்டும் 'செல்வி ப. அருந்ததி, மானிப்பாய்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

அவருடைய வீட்டு வாசல் படலை வடக்குப் பார்த்தது. காவலாளி யார் என்பதை எவரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. தாயில்லாத ஒரே மகளைத் தனி ஆளாக வளர்த்த மனிதர்.

புதன்கிழமை பெரிய பூட்டொன்று வாங்கிப் படலையில் கொழுவினார். பால்காரன் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்துவிடம் போனார்.

"அக்கா, எங்கடை படலையிலை ஒரு கண் வைச்சிருங்கோ."

"ஏன் தம்பி?"

"சும்மாதான்."

சும்மா என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தது. மகளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகம் அன்று பின்னேரமே வந்து, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறம்" என்று இழுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பஞ்சலிங்கத்தின் பொறுமை செத்தது. கடிதத்தை மகளின் முன்னால் போட்டார்.

"உதென்ன பிள்ளை?"

அருந்ததி வாசித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அப்பா, உது விளையாட்டு!"

"வீட்டை விட்டு ஓடுறதோ விளையாட்டு?"

அவள் உள்ளே போய், லண்டன் மாமா எண்பத்தைந்தில் அனுப்பிய புத்தகத்தையும் இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டையையும் கொண்டுவந்தாள்.

"ஆளுக்கொரு வேஷம். நான் மந்திரவாதி. புதுசாச் சேர்ந்த ஆளெண்டபடியால் சில்லறை மந்திரம்தான் தருவினம். வெளிச்சம், பூட்டுத் திறப்பு, நித்திரை. பாருங்கோ, படம் போட்டிருக்கு."

"எழுதினது ஆர்?"

"பத்மாசினி. என்னோடை படிச்சவள். கொழும்பிலையிருந்து கடிதத்திலை விளையாடுறாள்."

"வடக்கு வாசல்?"

"விளையாட்டிலை வாற கோட்டை வாசல்."

"வெள்ளிக்கிழமை?"

"கோட்டையிலையும் வெள்ளிக்கிழமை வரும்தானே அப்பா."

பஞ்சலிங்கம் லேசில் நம்புகிற ஆளில்லை. "அப்ப எனக்குப் போட்டுக் காட்டு. பாப்பம்."

அவள் எதிரே கதிரையில் உட்கார்ந்து கட்டையை உருட்டினாள். "நித்திரை! கண்ணை மூடி இருபது எண்ணுங்கோ."

எண்ணினார். பன்னிரண்டில் காதைத் தீட்டினார். பதினேழில் செருப்புச் சத்தம் கேட்டது போலிருந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. இருபதில் கண்ணைத் திறந்தார்.

மகள் அதே கதிரையில் இருந்தாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளையையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. விறுவிறென்று நடந்துபோய்ப் படலைப் பூட்டைக் கழற்றிக் கிணற்றடியில் எறிந்துவிட்டு வந்தார். மூன்று நாளாக அழுத்திய பாரம் இறங்கியதில் ஆளுக்குச் சின்னப்பிள்ளைக் குணம் வந்திருந்தது.

"இன்னொருக்காப் போடு பிள்ளை!"

கட்டை உருண்டது.

"அப்பா, இந்தமுறை பெரிசா விழுந்திட்டுது. இருநூறு எண்ண வேணும். கள்ளம் விடக்கூடாது."

"கள்ளமோ? நானோ?"

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் மனேச்சராக இருந்தவர். ஒவ்வொரு எண்ணையும் முழுசாகச் சொன்னார். நூற்று நாற்பதில் நா குழறியது. மனச்சாட்சி கேட்கவில்லை, நூற்று முப்பதிலிருந்து மறுபடி தொடங்கினார்.

"இருநூறு!"

கண்ணைத் திறந்தார். கதிரை வெறுமையாக இருந்தது. வேலிக்கு மேலால் சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தாள்.

"எழும்பியிட்டியோ தம்பி? பெட்டி பாரமெண்டு நான்தான் காருக்குள்ளை தூக்கி வைச்சுவிட்டனான்; வந்த பெடியன் தங்கமானவன், 'மாமாவை எழுப்பிப் போடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறான்."