ஆறடி மச்சானுக்கு ஒரு சட்டை

ஜலஜாவுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதில் தவறொன்றும் இல்லை. ஜலஜா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது என்பதுதான் தண்டபாணியின் தலைவலி.

பேகம்பேட் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம். அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். தண்டபாணி மட்டும் டப்பாவைத் திறக்காமல் கம்ப்யூட்டர் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"வணக்கம் மேடம். நான் ஸ்ரீகாந்த், பெங்களூர். நாச்சாரம் உஷாவின் அண்ணன். தண்டபாணியைப் பற்றி ஆர்குட்டில் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மனிதர் நிஜமாகவே அப்படித்தானா? ஒளிக்காமல் சொல்லவும். என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். கராத்தே தெரியும்."

உயரமும் கராத்தேயும் எதற்குச் சொல்லப்பட்டன என்பது தண்டபாணிக்கு நன்றாகவே விளங்கியது.

விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ரயிலேறி வந்து, அவனை நாச்சாரத்துக்குப் பெண் பார்க்க இழுத்துப் போனார்கள். பெண்ணின் அப்பா ராமச்சந்திரன் பொள்ளாச்சிப் பக்கம். நாச்சாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். உஷா பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். ஒரு வங்கியில் வேலை.

அந்த வீட்டில் தண்டபாணி வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. "காபி ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றான். அவன் கையில் இருந்தது பாதாம் பால்.

உஷா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தானே, அப்போது விழுந்தவன்தான் தண்டபாணி, இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அந்த டம்ளர் காலியாவதற்குள் முடிவு செய்துவிட்டான். "பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்றோமுங்க" என்று ராமச்சந்திரன் கும்பிட்டு அனுப்பினார்.

"பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம்டா. அமைஞ்சா உன்ர அதிர்ஷ்டம்" என்று ரயில் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு அம்மா ஊருக்குப் போனாள்.

2007ஆம் வருஷம் அது. ஜாதகம் பார்த்த கையோடு ஆர்குட்டையும் பார்த்துவிடுவார்கள். அவரவர் படம், அவரவர் நண்பர்கள், ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிக் கொடுக்கும் நற்சான்று எல்லாம் அந்த வலைத்தளத்தில் ஊரறியக் கிடக்கும். தண்டபாணியின் பக்கத்தில் நற்சான்று மருந்துக்கும் இல்லை. வெட்கத்தை விட்டு ஒரு நண்பனிடம் கேட்டான். "பாணி தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்று அந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தான். அதை அழித்துவிட்டு, தண்டபாணி ஜலஜாவைப் படைத்தான்.

ஜலஜாவுக்கு நாற்பது வயது. புருஷன், பிள்ளைகள் உண்டு. முன்பு தண்டபாணிக்கு மேலதிகாரி, இப்போது சிங்கப்பூர்வாசி. யாரும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிடக் கூடாதே, அதற்காகத்தான் சிங்கப்பூர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. "என் அனுபவத்தில் தண்டபாணி போல ஒரு தங்கமான பிள்ளையைப் பார்த்ததில்லை" என்று அவள் எழுதினாள். அவன் படித்துப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டு ஏற்றுக்கொண்டான்.

இப்போது இந்த ஸ்ரீகாந்த். பிக்கல் பிடுங்கல் இல்லையாம். அம்மாவுக்கு என்ன தெரியும், ஆறடி ஒரு அங்குலத்துக்கு ஒரு பிடுங்கல் பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறது. தண்டபாணி பெருமூச்சு விட்டுவிட்டு ஜலஜாவாகப் பதில் எழுதினான்.

"தம்பி, தண்டபாணிக்குக் கோபம் என்பதே வராது."

"கோபமே வராத ஆம்பளையை நான் நம்புவதில்லை மேடம்."

"வரும் தம்பி, வராமல் என்ன. ஒரு தடவை கேன்டீன் சாம்பாரில் கரப்பான்பூச்சி கிடந்தது. மேசையை ஓங்கிக் குத்தினார். இரண்டாகப் பிளந்துவிட்டது."

"அப்படியானால் வீட்டில் பாத்திரம் பண்டம் தங்காதே. என் தங்கைக்கு முரடர் சரிப்பட மாட்டார்."

"ஐயோ தம்பி, அடுத்த நிமிஷமே மனசு கேட்காமல் சமையலறைக்குப் போய் ஆபீஸ் மொத்தத்துக்கும் அவரே சாம்பார் வைத்தார். என்ன கைமணம் என்கிறாய்."

"பரவாயில்லையே. உஷாவுக்கு வெந்நீர் வைப்பதே பெரும்பாடு. மட்டன் பிரியாணி வருமா? சாப்பிட்ட தட்டை அவரே கழுவுவாரா? குறட்டை உண்டா?"

தண்டபாணிக்கு வியர்த்துவிட்டது. தட்டும் பிரியாணியும் போகட்டும், குறட்டை விஷயம் ஜலஜாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றால் எதையோ மறைப்பதாக ஆகும். தெரியும் என்றால் அதைவிடப் பெரிய வில்லங்கம். "யாரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை தம்பி" என்று எழுதித் தப்பித்தான்.

இப்படியே தினமும் கடிதப் போக்குவரத்து. ஸ்ரீகாந்த் ஜிம்மில் தூக்கிய எடையைப் பற்றி அளந்தான். "நல்லெண்ணெய் தேய்த்துக் குளி தம்பி, உடம்பு சூடாகிவிடும்" என்றாள் ஜலஜா. தண்டபாணிக்கே ஜலஜாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்ன வாய், என்ன சாமர்த்தியம். அவளுக்குத் தான் கொடுத்த நாக்கில் பாதி தனக்கு இருந்திருந்தால் பாதாம் பாலைப் பாதாம் பால் என்றே சொல்லியிருக்கலாமே என்று ஏங்கினான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீகாந்திடமிருந்து வந்தது அடுத்த கேள்வி. "கடைசியாக ஒன்று மேடம். தண்டபாணிக்கு என் தங்கையை நிஜமாகவே பிடித்திருக்கிறதா? அன்றைக்கு அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்."

இதற்கு மட்டும் அவனுக்குக் கதை கட்ட வரவில்லை. ஜலஜாவின் பக்கத்தை மூடிவிட்டு, தன் பெயரில் நுழைந்து, உஷாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவளுடைய நண்பர்கள் வரிசையில் ஸ்ரீகாந்தும் இருந்தான். மலை உச்சிப் படம் போட்ட அந்தப் பக்கத்துக்குள் போய்க் கடகடவென்று எழுதினான்.

"பிடித்திருக்கிறதாவா? பாதாம் பாலைக் காபி என்று அவன் உளறியதே அதனால்தான். உங்கள் தங்கை சிரிப்பை அடக்கியதை அவன் பார்த்துவிட்டான். அந்தப் பெண் சிரிப்பாள் என்றால் ஆயுசு முழுக்க உளறிக்கொண்டே இருக்கவும் தயார். எதிரில் நின்று சொல்லத்தான் வாய் வராது. அவனிடம் உள்ள குறை அது ஒன்றுதான்."

அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுபடி திரையைப் பார்த்தான். ஓரத்தில் செம்பருத்திப் பூவைக் காணோம். பாஸ்போர்ட் படத்தில் தண்டபாணிதான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம்வரை பதில் இல்லை. பிறகு வந்தது. "இது ஜலஜா மேடம் எழுத வேண்டிய பதில் அல்லவா? உங்கள் பெயரில் வந்திருக்கிறதே?"

"மேடம் லீவில் ஹைதராபாத் வந்திருக்கிறார்கள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாமல் என் கணக்கிலேயே அடித்துவிட்டார்கள்" என்று எழுதிப் போட்டான். எழுதிய பிறகுதான், சிங்கப்பூரில் பத்திரமாக இருந்தவளைத் தானே விமானம் ஏற்றி வரவழைத்துவிட்டது உறைத்தது.

"ரொம்ப நல்லதாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மேடத்தை நாச்சாரம் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். நானும் வருகிறேன். மேடம் வந்தால் முடிவு சொல்லிவிடலாம். வரவில்லை என்றாலும் முடிவு சொல்லிவிடலாம்."

திருமுல்கேரியில் தண்டபாணி குடியிருந்தது ஒரு மாடி அறையில். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா திரிபுரசுந்தரி. மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட் தண்ணீர் குடித்த குடும்பம். பேசுகிற தமிழில் பாதி ஊர்க்காரர்களின் உருது.

"அக்கா, ஞாயித்துக்கெழம ஒரு நாளைக்கு நீங்க ஜலஜாவா வரோணுமுங்க."

"கைக்கு, எதுக்கு?" என்றார் அவர் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே. ஏன் எதற்கு என்று அவன் ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்துவிட்டது.

"இல்லாத பொம்பளைய உண்டாக்கி, அவ வாயால உன்னையே புகழ்ந்துக்கிட்டியா? கம்ப்யூட்டர் படிச்சவங்கல்லாம் இதைத்தான் பண்றீங்களா? நக்கோ பாபு, என்னை இதுல இழுக்காதே."

"அந்தப் புள்ளையை விட்டா எனக்கு வேற யாரும் வேண்டாமுங்கக்கா."

திரிபுரசுந்தரி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. "ஹவ், சரி, வரேன் போ. நான் என்ன வேலை பாக்கறேன், அதைச் சொல்லு."

"டெஸ்டிங்குங்க."

"அப்படின்னா?"

"மத்தவங்க செஞ்சு வெச்ச வேலைல குத்தம் கண்டுபிடிக்கறதுங்க."

"அதைத்தான் கல்யாணமான நாள்லேர்ந்து பண்றேன். சம்பளம் உண்டுன்னு ஒருத்தனும் சொல்லலை" என்றவர், ஒரு யோசனையும் சொன்னார். "மச்சான்காரன் வரான்னியே, வெறுங்கையோட போவாதே. பொண்ணுக்கு அண்ணன் மனசு குளுந்தாத்தான் காரியம் ஆகும். ஒரு சட்டை எடுத்துக்கோ."

செகந்திராபாத் கடையில் இருந்ததிலேயே பெரிய சட்டையைத் தண்டபாணி கேட்டான். கடைக்காரர் ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரிபுரசுந்தரியோடு நாச்சாரம் போனபோது கதவைத் திறந்தது உஷா. தண்டபாணி அவளைத் தாண்டி ஆறடி உயரத்தில் தேடினான். அந்த உயரத்தில் ஒரு காலண்டர்தான் தொங்கியது. ராமச்சந்திரன் வரவேற்றுவிட்டு நாற்காலி எடுத்துவர உள்ளே போன சமயம், மெதுவாகக் கேட்டான்.

"உங்கண்ணன் வரலீங்களா?"

"பெங்களூர்ல மழை" என்றாள் உஷா.

"மழைக்கா வரலைங்க?"

"சால மழை. ரொம்ப."

கராத்தே படித்தவன் மழைக்குப் பயப்படுவானா என்று அவன் யோசிப்பதற்குள் ராமச்சந்திரன் வந்து எதிரே உட்கார்ந்தார். "இவரோட பழைய மேலதிகாரின்னு உஷா சொன்னாளுங்க. சிங்கப்பூர்ல எந்தப் பக்கமுங்கம்மா இருக்கறீங்க?"

"ஸ்டேஷன்ல எறங்கி ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம்" என்றார் திரிபுரசுந்தரி கம்பீரமாக. "மீட்டர் போட மாட்டான். தகராறு பண்ணித்தான் ஏறணும்."

ராமச்சந்திரனின் புருவம் உயர்ந்தது. தண்டபாணி வாயெடுப்பதற்குள், "சிங்கப்பூர்லயும் இப்ப ஆட்டோ விட்டுட்டாங்கப்பா, பேப்பர்ல போட்டிருந்தான்" என்று உஷாதான் முந்திக்கொண்டாள். அவள் எதற்குக் கைகொடுக்கிறாள் என்று தெரியவில்லை. தெய்வம் போல வந்தாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

அந்தத் தெய்வம் அடுத்த நொடியே காலை வாரியது. "மேடம், இவரு ஒரே குத்துல மேசையைப் பிளந்துட்டாராமே, நிஜமா?"

மேசை விஷயத்தைத் தண்டபாணி சொல்லிக்கொடுக்க மறந்துபோயிருந்தான்.

"இவனா?" என்றார் திரிபுரசுந்தரி. "பல்லி விழுந்தா என்னைக் கூப்பிடுவான், வெளக்குமாறு எடுத்துக்கிட்டு வாங்கன்னு." சட்டென்று நினைவு வந்து, "ஆபீஸ்லதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

உஷா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் தண்டபாணிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. ஜலஜா இல்லாமல், செம்பருத்தி இல்லாமல், அவனே பேசினான்.

"மேசையெல்லாம் சும்மாங்க. எனக்குச் சாம்பாரும் வெக்கத் தெரியாது. கத்துக்கறேனுங்க. தட்டு மட்டும் இப்பவே கழுவுவேன்."

உஷா திரும்பினாள். சிரித்துச் சிரித்து அவள் கண் ஓரம் நனைந்திருந்தது. "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

"அப்பறம் என்னம்மா, ஊருக்குப் போன் போட்டு மாப்பிள்ளையோட அப்பாகிட்டப் பேசீரலாம்" என்று ராமச்சந்திரன் எழுந்து தண்டபாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். திரிபுரசுந்தரி, உஷா கொண்டுவந்து கொடுத்த பாதாம் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "காபி ஜோர்" என்று அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தண்டபாணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனைக்கும் காரணமான மனிதனை மறக்கலாமா? குறுக்கே குறுக்கே கேட்டாலும் கடைசியில் வழிவிட்டவன் அவன்தானே. பையிலிருந்த சட்டைப் பொட்டலத்தை எடுத்து ராமச்சந்திரனிடம் இரண்டு கையாலும் நீட்டினான். "இது மச்சானுக்குங்க, மாமா."

உஷாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. "என்கிட்ட குடுங்க, நான் அனுப்பிடறேன்" என்று பாய்ந்து வந்தாள்.

"நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க? மாமாவே பெங்களூருக்கு அனுப்பட்டும். உங்க ஸ்ரீகாந்த் அண்ணனுக்கு அளவு சரியா இருக்குமான்னு மாமா பாத்துச் சொல்லட்டுமே."

ராமச்சந்திரன் பொட்டலத்தைப் பிரித்தார். சட்டையை உதறித் தன் மார்போடு வைத்துப் பார்த்தார். அது அவர் முழங்காலைத் தொட்டது. ஒரு தடவை சட்டையைப் பார்த்தார், ஒரு தடவை மகளைப் பார்த்தார். உஷா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை.

"துணி நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ளை, ஆனா எங்களுக்கு உஷா ஒரே புள்ளையாச்சுங்களே."