பதினேழாம் கேள்விக்கு நான்காம் விடை

புகைப்பழக்கத்தை ஒழிக்க உலகில் எத்தனையோ பேர் எத்தனையோ பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள், ஓர் அலுவலகம் முழுவதையும் அந்தப் பழக்கத்திலிருந்து விடுவித்த பெருமை எங்கள் புள்ளிவிவரத் துறைக்கே உரியது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மக்களிடையே புகையிலைப் பழக்கம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கெடுக்கும் பொறுப்பு எங்களிடம் வந்திருந்தது. அதற்கு முதலில் ‘புகைப்பவர்’ என்றால் யார் என்று வரையறுக்க வேண்டும். பதினோரு பேர் கொண்ட குழு பத்து மணிக்குக் கூட வேண்டியது. ஏழு பேர் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ‘கருத்துப் பரிமாற்றத்தில்’ இருந்ததால் பத்தேமுக்காலுக்குக் கூடியது.

“தினமும் பிடிக்கிறவன்தான் புகைப்பவன்,” என்று இயக்குநர் தொடங்கி வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் பிடிக்கிறதில்ல சார். வீட்ல இருப்பேன்,” என்றார் கணக்கு அதிகாரி.

“அப்ப நீங்க ‘எப்போதாவது’ல வந்துருவீங்க.”

“சொந்தமா வாங்காம, அடுத்தவங்க குடுத்தா மட்டும் பிடிச்சா?” என்று கேட்டார் கிடங்கு எழுத்தர்.

“அது மரியாதை. குடுக்கிறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா?”

“நான் விட்டுட்டேன் சார்,” என்றேன் நான்.

“எப்ப?”

“இன்னிக்குக் காலைல.”

அது யாராலும் மறுக்க முடியாத உண்மை. அதற்கு முன்பும் பத்தொன்பது தடவை விட்டிருக்கிறேன். இவ்வளவு அனுபவம் உள்ள ஒருவரைப் புகைப்பவர்களோடு சேர்ப்பது முறையல்ல என்று குழு கருதியது. ‘கைவிட்டவர்’ என்று ஒரு தனிப் பிரிவையே உண்டாக்கியது. கூட்டம் முடிந்தபோது பதினோரு பேரில் புகைப்பவர் ஒருவர்கூட இல்லை. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட எல்லோரும் கொட்டகைக்குப் போனோம்.

வீட்டிலும் நான் கைவிட்டவன்தான். ஆறு வருடங்களுக்கு முன் என் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவள் அக்கம்பக்கத்தில் என்னை உதாரணம் காட்டிப் பேசுவாள். “எங்க வீட்டுக்காரர் மாதிரி மனசுல உறுதி வேணும்,” என்பாள். கேட்டுக்கொண்டே மாடிக்குப் போவேன்.

அந்த உறுதிக்குத் துணை நின்றவன் என் மச்சினன். லேத் பட்டறையில் வேலை செய்கிறான். வேலை தேடி எங்களோடு தங்க வந்தவன் பன்னிரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறான். என் சட்டையில் வாடை வந்தால், “உன் தம்பி பக்கத்துல உக்காந்திருந்தேன்,” என்பேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான். திட்டு முழுவதும் அவனுக்கு, புகழ் முழுவதும் எனக்கு. குடும்பத்தில் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது நல்லதுதானே.

அவன் வந்த புதிதில் ஒரு நேர்முகத் தேர்வில் தோற்று, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான்தான் எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய் முதல் சிகரெட்டை நீட்டினேன். ஆறுதலுக்காக நீட்டினேன் என்று நெடுநாள் நம்பி வந்தேன். உண்மையில் எனக்குத் தனியாகப் புகைக்கப் பிடிக்காது. தனியாகப் புகைப்பது கெட்ட பழக்கம்.

இந்த வருடம் அவனுடைய இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்தன. மருத்துவர் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, சிகரெட்டால் வந்தது, இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை.

“விரலோட போனா அதிர்ஷ்டம். இதுக்கு மேல ஒண்ணு பிடிச்சாலும் அடுத்தது பாதம், அப்புறம் முழங்கால். இவர் வழக்கமா யாரோட சேர்ந்து பிடிக்கிறார்? முதல்ல அந்த ஆளைக் கிட்ட சேர்க்காதீங்க. துணை இருக்கிற வரைக்கும் யாராலயும் விட முடியாது.”

“எவன்னு சொல்ல மாட்டேங்கிறான் டாக்டர்,” என்று என் மனைவி அழுதாள். “இவனுக்குப் பழக்கிவிட்டவன் எவனோ, அவன் கை வெளங்காமப் போக.”

நானும் வருத்தத்தோடு தலையசைத்தேன். சிகரெட் பெட்டி இருந்த பையில் கையை விட்டபடி அசைத்தேன்.

இந்தச் சமயத்தில் எங்கள் இயக்குநர் ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு, ‘தொடர்பு வரைபடம்’ என்ற சொல்லோடு திரும்பி வந்தார். அவர் பயிலரங்குகளிலிருந்து வெறுங்கையோடு வந்ததில்லை. எந்தப் பிரிவானாலும், சிகரெட்டைத் தொட்ட ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. பழக்கிவிட்டவரிடமிருந்து பழகியவருக்கு ஓர் அம்பு. இதற்காகப் படிவத்தில் பதினேழாம் கேள்வி சேர்ந்தது: ‘உங்களுக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்தவர் யார்?’ நண்பர், உடன் வேலை செய்பவர், உறவினர் என்றால் பெயரும் எழுத வேண்டும்; நான்காவது ‘யாருமில்லை, நானாகவே’.

வெளியூர் போக வண்டி கிடைக்காததால், அலுவலக ஊழியர்களையும் குடியிருப்பில் இருந்த அவர்கள் குடும்பத்தினரையுமே மக்கள்தொகையாகக் கருதி வெள்ளோட்டம் பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர்களை எண்ணாக மாற்றும் பட்டியல் மேற்பார்வையாளரிடம் மட்டுமே இருக்கும். மேற்பார்வையாளர் நான். என் எண் ஒன்பது. மச்சினன் எண் முப்பத்தொன்று.

வரைபடம் திரையில் விழுந்தது. இருபத்து மூன்று புள்ளிகள். அவற்றில் பதினான்குக்கு ஒரே புள்ளியிலிருந்து அம்புகள் கிளம்பியிருந்தன.

“இந்த ஒன்பதாம் எண் ஒரு ஆளா, கம்பெனியா?” என்றார் இயக்குநர்.

வரைபடம் போட்ட கணினிப் பெண் அவசரமாகச் சரிபார்த்தாள். “ஒரே ஆள்தான் சார்.”

முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நான் செய்த எதற்கும் இப்படி ஒரு பலன் கண்ணெதிரே தெரிந்ததில்லை. ஓட்டுநருக்கு இடமாற்றம் வந்த அன்று கொடுத்தேன். தட்டச்சருக்கு அவர் அப்பா போன மறுவாரம் கொடுத்தேன். காவலாளிக்குக் குளிராக இருந்ததால் கொடுத்தேன். யார் முகம் வாடினாலும் பொறுக்காத சுபாவம் எனக்கு.

“இவன் யார்னு தெரிஞ்சா ஒரு ஊரையே திருத்திரலாமே,” என்றார் இயக்குநர். “யார் அது?”

“ரகசியக் காப்பு விதி சார். சொல்லக் கூடாது,” என்றேன்.

“கரெக்ட். விதியைக் காப்பாத்தணும்.” பிறகு அவர் விரல் திரையின் மூலைக்குப் போனது. அங்கே ஒரு புள்ளி எந்த அம்பும் இல்லாமல் தனியாக நின்றது. “இதென்ன முப்பத்தொண்ணு? நாலாவது விடையா? தானா யாரும் ஆரம்பிக்க மாட்டாங்கய்யா. இது பொய். மேற்பார்வையாளர் நேர்ல போய்த் திரும்பக் கேட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

ஆக, அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, அரசு முத்திரை பதித்த படிவத்தோடு என் வீட்டுக்கே விசாரணைக்குப் போனேன். மச்சினன் கூடத்துக் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். உள்ளே என் மனைவி மருத்துவமனைக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினேழாம் கேள்வி,” என்று ஆரம்பித்தேன்.

“மாமா, நாலுன்னே இருக்கட்டும்,” என்றான் மெதுவாக.

“அது உண்மை இல்லியேடா.”

“அக்காவுக்கு உங்க மேல ஒரு மரியாதை இருக்கு. என் மேல எப்பவோ போயிருச்சு. இருக்கிறதையாவது காப்பாத்துவோம்.”

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அதற்குள் என் மனைவி வந்து படிவத்தை வாங்கிப் படித்தாள்.

“நல்ல கேள்வி. கவர்மென்டே கேக்குது, இன்னிக்காவது சொல்லு. எவன் அவன்?”

“யாரும் இல்லக்கா. நானாத்தான்.”

“பொய் சொல்றான், எழுதாதீங்க. ஏன்டா, உன் கால் போனாலும் அவனைக் காட்டிக் குடுக்க மாட்டியா? அவ்வளவு பெரிய மனுஷனா அவன்?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒரு தப்புக் கணக்கு எழுதினதில்லையே. நீங்களே சொல்லுங்க, இது நிஜமா இருக்குமா?”

“அவரவர் சொல்றதைத்தான் எழுதணும்னு விதி,” என்றேன்.

‘மீண்டும் விசாரித்ததில் விடை சரியென உறுதியானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நன்றாகவே விளங்கியது.

மறுநாள் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இயக்குநருக்கு என் கையெழுத்து திருப்தியளித்தது. எங்கள் வெள்ளோட்டம் ‘பிழையற்றது’ என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

பகலில் வார்டில் கூட இருக்கும் வேலையை என் மனைவி எனக்கே கொடுத்தாள். “டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அந்த ஆள் கண்டிப்பா பாக்க வருவான். உங்களை மாதிரி விட்டவங்க ஒருத்தர் பக்கத்துல இருந்தாதான் எனக்கு நிம்மதி. வந்தா உள்ள விடாதீங்க.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். வந்தவர்கள் பெயரை எழுதினேன். பட்டறை முதலாளியை வாசலிலேயே நிறுத்தி, பேச்சுக் கொடுப்பதுபோல் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். அவரிடம் எந்திர எண்ணெய் வாடைதான் வந்தது. கூட வேலை செய்பவர்கள் இருவர் வந்தார்கள். இரண்டு பேருமே பிடிப்பதில்லை என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. பட்டறையில் கெட்ட சகவாசம் என்று பன்னிரண்டு வருடமாக வீட்டில் சொல்லி வந்தவன் நான்.

மூன்றாம் நாள் பிற்பகல். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் பிடிக்கவில்லை, அதாவது வரையறைப்படி கைவிட்டிருந்தேன். வாய் நமநமத்தது. தனியாகப் போக மனம் வரவில்லை. நான் யோசித்துச் சொல்லவில்லை, பன்னிரண்டு வருடப் பழக்கம் சொன்னது:

“மாப்ளே, அப்படியே மாடிப்பக்கம் போயிட்டு வருவோமா?”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. போர்வையை விலக்கினான். கட்டுப் போட்ட காலைத் தரையில் வைத்தான். வலியில் பல்லைக் கடித்தபடி, என் தோளைப் பிடித்து எழுந்து, “வாங்க மாமா,” என்றான்.

அவனை அப்படியே பிடித்து உட்காரவைத்தேன். “வேண்டாம்டா, வேண்டாம்,” என்றேன். “நீங்கதானே கூப்ட்டீங்க,” என்றான். காலில் போட்ட கட்டின் மேல் ரத்தம் துளிர்த்திருந்தது. வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டை மாற்றச் சொல்லிவிட்டு நிற்கும்போது கைபேசி அடித்தது. என் மனைவி.

“கஞ்சி எடுத்துட்டுக் கிளம்பறேன். எப்படி இருக்கான்? அந்த ஆள் வந்தானா?”

‘இல்லை’ என்பதுதான் இரண்டு நாளாக நான் சொல்லி வந்த விடை. அதுவும் வாய்வரை வந்தது.

“வந்துட்டான்,” என்றேன்.

“எங்க? வாசல்லயா?”

“கட்டில் பக்கத்துலயே நிக்கிறான்.”

“அடப்பாவி. விட்றாதீங்க, புடிச்சு வைங்க. நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன். இதோ வந்துட்டேன்.”

அவள் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும். படி இருக்கிறது, பின்வாசல் இருக்கிறது. ஆனாலும் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன்.